தூங்குமூஞ்சி மரத்துக்கு மூன்று விலை

"தம்பி, ஒரு மரத்த வெட்ட எவ்வளவு ஆவும்?"

ஐப்பசி பிறந்து இரண்டு நாள். சுசீலா டீச்சர் போனில் கேட்டார்.

"என்ன மரம் டீச்சர்?"

"தூங்குமூஞ்சி."

"முழு மரமா?"

குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "பாதி."

பாதி மரமா? நட்டது பாதியா, வளர்ந்தது பாதியா? கேட்டால் கோபப்படுவார். நேரில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

டீச்சருக்கு நன்னிலம் பக்கத்தில் ஒரு கிராமம். அரசுப் பள்ளியில் கணக்குப் பாடம். அவர் பள்ளிக்கூடத்துக்குப் பெயின்ட் அடிக்கப் போன இடத்தில் எனக்குப் பழக்கம். தாத்தா காலத்தில் ஊர் நிலத்தில் பாதி அவர்கள் குடும்பத்துக்கு. இப்போது மிச்சம் இருப்பது வீடும், வீட்டுக்குப் பின்னால் நீளமாக ஒரு கொல்லையும்தான். அதுவும் அவர் பெயரிலும் சென்னையில் பேங்க் வேலையில் இருக்கும் தம்பி பெயரிலும் கூட்டுப் பட்டாவாக இருக்கிறது.

இதை ஏன் என்னிடம் கேட்கிறார்? நான் மரம் எடுக்கிற கோஷ்டியில் இரண்டு வருஷம் இருந்தவன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவனுக்குக் கிடைத்த வேலையெல்லாம் வேலைதான். லாரி க்ளீனர், பரோட்டா மாஸ்டருக்கு எடுபிடி, பெயின்ட்... அந்த வரிசையில் இதுவும் ஒன்று. புயலில் அதிராம்பட்டினம் பக்கம் தென்னந்தோப்புகள் மொத்தமாகச் சாய்ந்து கிடந்தபோது போனவன், கயிறு பிடிக்கிற ஆளாக அங்கேயே தங்கிவிட்டேன். மரத்தில் ஏறியதில்லை. ஏறியவர்களின் உயிரைக் கீழே நின்று பிடித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

போய்ப் பார்த்தேன்.

கொல்லைக் கடைசியில், வாய்க்கால் ஓரமாக நின்றது மரம். இரண்டு பேர் கை கோத்தாலும் அடிமரத்தைக் கட்டிப்பிடிக்க முடியாது. டீச்சர் வீட்டுப் பக்கம் இருந்த கிளைகள் ஒன்றுகூட இல்லை. வழுவழுவென்று அறுத்த வட்டங்கள் மட்டும். எதிர்ப் பக்கம் நாலு பெரிய கிளைகள், தழையோடு, வாய்க்கால் பக்கம் அப்படியே நீட்டிக்கொண்டு.

நின்றது என்று எழுதியிருக்கக் கூடாது. ஒரு கையில் மட்டும் குடத்தைத் தூக்கியவள் சாய்கிற மாதிரி சாய்ந்திருந்தது. அந்த நாலு கிளைகளுக்கும் நேர்க் கீழே ஒரு வீடு.

மல்லிகாவின் வீடு. மண் சுவர், மேலே சிமென்ட் சீட்டு. நடவு, களை என்று வயல் வேலைக்குப் போகிறவர். கணவர் கேரளாவில் கட்டட வேலையில் இருக்கிறார். காலேஜுக்குப் போகும் மகளும் அவரும்தான் இங்கே.

"யாரு டீச்சர் இப்புடி ஒரு பக்கமா வெட்டுனது?"

டீச்சர் முகம் வாடியது. "என் தம்பி ஏற்பாடு. சென்னையிலேருந்து போன்லயே பேசிட்டான். கீவளூர்ப் பக்கத்து வெறகு யாவாரி. மரத்த அவரே வெட்டி எடுத்துக்கிறதாவும், நமக்கு மூவாயிரம் தர்றதாவும் பேச்சு. மரமும் போவுது, மூவாயிரமும் வருதேன்னு எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு."

இது எங்கள் பக்கத்தில் மட்டும் நடக்கிற தப்பு என்று நினைக்கிறேன். எங்கள் ஆட்களுக்கு மரம் என்றால் வரவு. தென்னை காய்க்கும், புளி உலுக்கினால் காசு, பூவரசு வண்டிக்கு ஆகும், ஒன்றுமே இல்லாவிட்டாலும் சூளைக்கு விறகாகும். மரத்தை எடுக்க நாம் காசு கொடுக்க வேண்டும் என்றால் யாரோ ஏமாற்றுகிறார்கள் என்றுதான் தோன்றும். ஆகவே விறகுக்காரரைக் கூப்பிடுவார்கள். மரத்தை எடுத்துக்கோ, வெட்டிக் கொடு என்பார்கள்.

வியாபாரி இரண்டு டிராக்டர் விறகு ஏற்றினார். மூன்றாவது நாளிலிருந்து வரவில்லை. டீச்சரிடம் நம்பர் வாங்கி நான் போட்டேன். மனிதர் எடுத்தார்.

"பாதியில விட்டுட்டுப் போயிட்டீங்களே?"

"சார், நான் வெறகு யாவாரி. மரம் எடுக்குற ஆளு இல்ல. வண்டி எந்தப் பக்கம் நிக்கிதோ, எனக்கு அந்தப் பக்கந்தான் மரம். அந்தப் பக்கம் வூடு இருக்கு, கரண்ட் கம்பி போவுது. வூட்டு மேல போட்டுட்டு நான் எங்க போயி நிக்கிறது?"

"இத மொதல்லயே சொல்லலாம்ல?"

"மொதல்ல யாரு சார் கேட்டா? எவ்வளவு தருவன்னுதான கேட்டாங்க."

போனை வைத்துவிட்டேன். அவர் சொன்னதில் பொய் இருந்ததா? எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. இரண்டு பக்கமும் சமமாகப் பாரம் சுமந்து நின்ற மரம், இப்போது மொத்தப் பாரத்தையும் மல்லிகா வீட்டுப் பக்கம் வைத்துக்கொண்டிருந்தது. ஐப்பசி மழையில் மண் இளகினால்...

மல்லிகா அன்று மாலை வேலை முடிந்து வந்தார். கால் முட்டி வரை சேறு. கழுவக்கூட இல்லை, நேராக என்னிடம் வந்தார்.

"மரத்த எடுக்குறவங்க நீங்கதானாண்ணே?"

"ஆளு கூட்டியாரேம்மா. எடுத்துரலாம்."

"எப்ப வேணா எடுங்க, எப்புடி வேணா எடுங்க. வீட்டுக்கு மட்டும் ஒண்ணும் ஆவக் கூடாது. இது வாய்க்காப் பொறம்போக்குண்ணே. பட்டா கெடையாது. நிக்கிற வரைக்கும் யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. விழுந்துருச்சுன்னா மறுபடி எழுப்ப வுட மாட்டாங்க."

விஷயம் அதுதான். சுவரில் விரிசல் விட்டால் மண் பூசிக்கொள்ளலாம். சுவரே போனால் வீடு போனது, வீடு போனால் இடமும் போனது.

மறுநாள் ராஜேந்திரனைக் கூட்டிவந்தேன். நான் கயிறு பிடித்த காலத்து மேஸ்திரி. அதிராம்பட்டினம் பக்கம் ஊர். அதிகம் பேச மாட்டார். மரத்தைச் சுற்றி அரை மணி நேரம் நடந்தார். அரிவாளின் பின்பக்கத்தால் அங்கங்கே தட்டிக் காது வைத்துக் கேட்டார். கிளைகள் பிரிகிற இடத்தில் சத்தம் மந்தமாக வந்தது. உள்ளே தண்ணீர் இறங்கி உளுத்திருக்கிறது என்று அர்த்தம். ஏறுகிறவர் அந்தக் கிளையை நம்பி இடுப்புக் கயிற்றைக் கட்ட முடியாது. இப்படி ஒவ்வொரு தட்டலுக்கும் ரேட் ஏறும். பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது.

பிறகு மல்லிகாவிடம் கேட்டார். "வீட்டுல எந்தப் பக்கம்மா படுப்பீங்க?"

"மேக்கால."

"மரம் போற வரைக்கும் கெழக்கால படுங்க."

டீச்சரிடம் வந்து ஒரே வார்த்தையில் முடித்தார். "நாப்பத்திரெண்டு."

"நாப்பத்தி ரெண்டாயிரமா? ஒரு கறவ மாடே வாங்கலாமே!"

"வாங்கலாம் டீச்சர். ஆனா அது மரம் ஏறாதே."

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. கணக்கு டீச்சர் இல்லையா, பிரித்துச் சொல்லச் சொன்னார். மேஸ்திரி விரல் விட்டுச் சொன்னார். கயிற்றுக்கு ஐந்து பேர். ஏற இரண்டு பேர். மெஷின் ரம்பம், பெட்ரோல். தழையும் குப்பையும் அள்ள ஒரு வண்டி. எல்லாம் இரண்டு நாளைக்கு.

"ஏற எதுக்கு ரெண்டு பேரு? ஒரு மரந்தான?"

"ஒருத்தன் மேல இருப்பான். அவனுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா ஏறிப் போயி எறக்க இன்னொருத்தன் வேணும்ல?"

"ஒண்ணும் ஆவலன்னா?"

"கீழ சும்மா உக்காந்துருப்பான்."

"சும்மா உக்காந்துருக்கவனுக்குமா சம்பளம்?"

"அவன் சும்மா உக்காந்துருந்தாத்தான் டீச்சர் அன்னிக்கி நல்ல நாளு."

டீச்சர் என்னைப் பார்த்தார். அந்த ஆளைக் கழித்துவிடச் சொல் என்கிற பார்வை. நான் தலையாட்டவில்லை. காரணம் இருக்கிறது. தோப்பு வேலை பார்த்த காலத்தில் ஒருமுறை, பேரம் இறங்கி, அந்த இரண்டாவது ஆள் இல்லாமல் ஒரு வேலைக்குப் போனோம். மேலே ஏறியவர் பெயர் சேகர். கிளை முறிந்து அடித்ததில் கயிற்றில் தலைகீழாகத் தொங்கினார். ஏணி கொண்டுவந்து இறக்க முக்கால் மணி நேரம் ஆனது. அவர் இப்போது மரம் ஏறுவதில்லை. நடப்பதும் இல்லை.

ஆகவே அந்த ஆளைக் குறைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அந்த இடத்தில் நான் செய்தது சரி. அதற்கு அடுத்துச் செய்ததுதான்...

டீச்சர் இன்னும் விடவில்லை. "கிரேன் வச்சு டக்குனு தூக்க முடியாதா?"

ராஜேந்திரன் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கை காட்டினார். சம்பா நட்டு மூன்று வாரம். கண்ணுக்கெட்டிய வரை தண்ணீரும் பச்சையும். "இதே சித்திரையில கூப்புட்டுருந்தா வயலு காஞ்சி கெடந்துருக்கும். வயலு வழியாவே கிரேன ஓட்டியாந்து ஒரே நாள்ல எடுத்துருப்பேன். இருவதுகூட ஆயிருக்காது. இப்ப எறக்குனா, அந்தக் கிரேன எடுக்க இன்னொரு கிரேன் வேணும்."

"ரோட்டுப் பக்கமா?"

"வழியில உள்ள மதகுப் பாலம் தாங்காது. கிரேன் வாய்க்காலுக்குள்ள கெடக்கும்."

வாசகர்களே, உங்கள் வீட்டுப் பக்கம் ஆபத்தான மரம் இருந்தால் இதை மட்டும் நினைவில் வையுங்கள். உயரம், தடிமன் எல்லாம் அப்புறம். மரம் விழப்போகிற இடத்தில் என்ன இருக்கிறது, மெஷின் அதன் பக்கத்தில் வர வழி இருக்கிறதா, எந்த மாதத்தில் கூப்பிடுகிறீர்கள்... விலை அங்கேதான் இருக்கிறது. காலி மனையில் நிற்கும் மரத்துக்கு ஒரு விலை. அதே மரம் ஒரு கூரைக்கு மேல் நின்றால் வேறு விலை. அடியில் வெட்டிச் சாய்ப்பது அரை நாள். துண்டு துண்டாகக் கயிறு கட்டி இறக்குவது இரண்டு நாள். அடிமரத்தை வேரோடு தோண்ட வேண்டும் என்றால் அது தனிக் கூலி. இதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

அந்த மனப்பாடம்தான் என்னைச் சும்மா இருக்க விடவில்லை.

டீச்சர் கையில் முப்பதாயிரம்தான் இருந்தது. தம்பி பாதி தருவதாகச் சொல்லியிருந்தார். நாற்பத்திரண்டு என்றதும், மீட்டிங்கில் இருக்கிறேன் என்று மெசேஜ் போட்டுவிட்டார். குப்பையை நாங்களே அள்ளிக்கொள்கிறோம் என்றதில் நாலாயிரம் குறைந்து முப்பத்தெட்டு ஆனது. அதற்குக் கீழே ராஜேந்திரன் இறங்கவில்லை. டீச்சர் கண் கலங்கிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

"சீட்டக் கழட்டிட்டா?" என்றேன்.

ராஜேந்திரன் திரும்பிப் பார்த்தார்.

"இல்ல... சீட்டு ஒடையும்னுதான ஒவ்வொரு குச்சியையும் கயிறு கட்டி எறக்கணும்? கழட்டி வச்சுட்டு, உள்ள வைக்கோலப் பரப்பிட்டா சின்னக் கெளையெல்லாம் நேரா போட்டுறலாம். பெருசுக்கு மட்டுந்தான் கயிறு."

அவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "வேல ஒரு நாள்ல முடியும். இருவத்தொம்போதுக்கு வரும். செவுத்துல ஒரு கீறல் விழாது. அது என் பொறுப்பு."

இருபத்தொன்பது! டீச்சர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே. "நீ மட்டும் இல்லன்னா தம்பி..." என்று ஆரம்பித்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மறைப்பானேன்?

அப்போது மணி பன்னிரண்டு. மல்லிகா வயலில் இருந்தார். அவருடைய கூரையைப் பேச்சிலேயே கழற்றி, பணத்தைக் கழித்து, முன்பணத்தையும் கைமாற்றிவிட்டோம். அவர் வந்தது இரண்டு மணிக்கு. டீச்சர்தான் சொன்னார்.

"ஒரே ஒரு நாளு மல்லிகா. காலையில கழட்டுவாங்க, சாயங்காலம் மாட்டிக் குடுத்துருவாங்க."

"மழ வந்தா டீச்சரம்மா?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் போனை எடுத்துப் பார்த்தேன். நாளைக்கு என்ற இடத்தில் சூரியன் படம் போட்டிருந்தது. "வராதும்மா. வந்தாலும் தார்ப்பாய் போட்டு மூடிக்கலாம்" என்றேன்.

மல்லிகா ஒரு தடவை மரத்தைப் பார்த்தார். "சரிண்ணே" என்றார்.

மறுக்க முடிகிறவர் சொல்லும் சரி ஒன்று. தலைக்கு மேல் நாலு கிளை தொங்கும்போது சொல்லும் சரி வேறொன்று. அன்று எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது.

மறுநாள் காலை ஆறு மணிக்கெல்லாம் ஆட்கள் வந்துவிட்டார்கள். நல்ல வெயில். பதினாறு சீட்டு. எல்லாம் வெயிலில் காய்ந்து, மழையில் ஊறி, இறுகிப்போன பழைய சீட்டு. மாட்டியிருந்த கொக்கிகள் துருப்பிடித்திருந்தன. எவ்வளவு பக்குவமாகத் திருகினாலும் ஓட்டைக்குப் பக்கத்தில் விரிசல் ஓடியது. பதினாறில் ஏழு உடைந்தது.

"போனாப் போவுது, ஏழு புதுசு வாங்கிக்கலாம்" என்றார் டீச்சர். "மிச்சம் புடிச்ச காசு இருக்குல்ல."

நானும் ஆமாம் என்றேன். சாயங்காலம் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நான்தான் சொன்னேன். காலையிலேயே நன்னிலத்துக்கு ஒரு ஆட்டோவை அனுப்பியிருந்தால்? அந்த ஆட்டோ வாடகையையும் சேர்த்து மிச்சம் பிடிக்கலாம், மரம் முடிந்ததும் குப்பை அள்ள வருகிற டிராக்டரிலேயே கொண்டுவரலாம் என்று கணக்குப் போட்டேன்.

லைன்மேன் சொன்னபடி பதினொரு மணிக்கு வந்து கரண்டை நிறுத்தினார். ஆள் ஏறினார். இரண்டாவது ஆள் அடிமரத்தில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். டீச்சர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய் அவருக்கும் டீ கொண்டுவந்தார்.

வேலை என்றால் அதுதான் வேலை. சின்னக் கிளைகள் ஒவ்வொன்றாக வைக்கோலில் வந்து விழுந்தன. பெரிய கிளைகள் கயிற்றில் கட்டி, அறுத்து, ஊஞ்சல் மாதிரி ஆடி, சுவரைத் தாண்டி, கொல்லைக்குள் இறங்கின. நானும் ஒரு கயிறு பிடித்தேன். மூன்றரை மணிக்குக் கடைசிக் கிளையும் வந்துவிட்டது. அடிமரத்தை ஆள் உயரத்தில் விட்டுவிட்டார்கள். யாருக்கும் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. ராஜேந்திரன் சுவரைச் சுற்றிக் கையால் தடவிக்கொண்டே வந்தார்.

"பாத்துக்கங்கம்மா. ஒரு கீறல் இல்ல."

"இல்லண்ணே" என்றார் மல்லிகா. அந்த மூன்று நாளில் முதல் முறையாக அவர் சிரித்ததைப் பார்த்தேன்.

சீட்டு வாங்க டிராக்டர் கிளம்பியது. அது மெயின் ரோட்டைத் தொடுவதற்குள் கிழக்கே கறுத்துவிட்டது.

கடல் பக்கமிருந்து வருகிற மழைக்கு எங்கள் பக்கத்தில் முன்னறிவிப்பு ஒன்றும் பெரிதாக இருக்காது. ஒரு குளிர்ந்த காற்று. அப்புறம் மழைதான். இருந்த ஒன்பது சீட்டை ஏற்ற முடியவில்லை. காற்றில் ஆளோடு தூக்கியது. நெல் மூடுகிற தார்ப்பாயைக் கொண்டுவந்து ஆறு பேர் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டினோம். கால் மணி நேரம் நின்றது. பிறகு ஒரு மூலை பிய்ந்து படபடவென்று அடித்துக்கொண்டது. நடுவில் தண்ணீர் தேங்கி, தொப்பையாகி, ஒரே அடியாக உள்ளே கொட்டியது. மறுபடி கட்டினோம். மறுபடி பிய்ந்தது. இருட்டும் வரை அதையேதான் செய்தோம். வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

மல்லிகாவும் மகளும் டீச்சர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மழை விடவில்லை. புதுச் சீட்டு வந்தும் அந்தக் காற்றில் ஏற்ற முடியவில்லை.

மண் சுவர் பக்கவாட்டு மழையைத் தாங்கும். தலையில் விழுகிற மழையைத் தாங்காது. இது மண் வீட்டில் இருந்த எல்லோருக்கும் தெரியும். நான் மண் வீட்டில் பிறந்தவன். எனக்கும் தெரியும்.

மறுநாள் காலை பத்து மணி வாக்கில் மேற்குச் சுவர் இறங்கியது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. கொடியிலிருந்து ஈரத்துணி நழுவுகிற மாதிரி, அவ்வளவுதான். மல்லிகா கொல்லை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. "அரிசி ட்ரம்மு உள்ள இருக்கு" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போய் அதை உருட்டிக்கொண்டு வந்தார். அவர் திரும்பி வந்த பிறகு வடக்குச் சுவரும் போனது.

மழை விட்டதும் வி.ஏ.ஓ. வந்தார். நல்ல மனிதர். இடிந்த சுவரைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"விழுந்தத விழுந்துச்சுன்னு எழுதித்தாம்மா ஆவணும். வாய்க்காக் கரையில புதுசா செவுரு வைக்க நான் வுட முடியாது. வேற எடத்துக்கு மனு குடுங்க, நானே எழுதித் தர்றேன்."

"எத்தன நாளாவும் சார்?" என்றார் மல்லிகா.

அவர் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

ராஜேந்திரனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "ஆளுக்கு ஒண்ணும் ஆவல. செவுத்துலயும் ஒரு கீறல் வுடல. ஆனா வீடு இல்ல" என்றார். "நாம எந்த எடத்துலப்பா தப்பு பண்ணோம்?"

இதை நான் ரொம்ப நாள் யோசித்தேன். விடை எளிதாகத்தான் இருக்கிறது. ஒரு மரத்தைப் பத்திரமாக எடுக்க நாற்பத்திரண்டாயிரம் ஆகும் என்றால் ஆகும். அதில் பேரம் பேசிக் குறைக்கிற எதுவும் காணாமல் போவதில்லை. ஒருவர் மேலிருந்து இறங்கி இன்னொருவர் மேல் ஏறிக்கொள்கிறது, அவ்வளவுதான். விறகுக்காரர் கொடுத்த மூவாயிரத்தில், அவர் எடுக்காமல் விட்ட பாரம் மல்லிகா கூரைக்கு மேல் போனது. அந்தப் பழைய தோப்புப் பேரத்தில் சேகரின் முதுகெலும்பு போனது. நான் குறைத்துக் கொடுத்த ஒன்பதாயிரத்தில்... அதைத்தான் இவ்வளவு நேரமும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த முறை ஒருவர் விலையைக் குறைத்துச் சொன்னால் சந்தோஷப்படுங்கள், தப்பில்லை. குறைந்தது இப்போது யார் தலையில் இருக்கிறது என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்தத் தலைக்குச் சொந்தக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

டீச்சர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாவது நாள் தம்பிக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். கொல்லைக் கடைசியில் ஒரு வீடு கட்டுகிற அளவுக்கு இடத்தை மல்லிகா பெயருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், கூட்டுப் பட்டா என்பதால் நீயும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். ஸ்பீக்கரில் தம்பியின் குரல் கேட்டது.

"அக்கா, ஒரு மரத்துக்காகப் பூர்வீக எடத்த எழுதிக் குடுப்பாங்களா?"

"மரத்துக்கு இல்லடா. நாம கழட்டுன சீட்டுக்கு."

"கூரை ரிப்பேருக்கு வேணும்னா காசு அனுப்புறேன்."

"கூரை வைக்கச் செவுரு வேணும். செவுரு வைக்க எடம் வேணும். எடம் நம்மகிட்டதான் இருக்கு."

கணக்கு டீச்சர் அல்லவா. மூன்றே வரியில் முடித்துவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தார். சென்னையிலிருந்து இதற்காகவே வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். கெட்டவர் இல்லை. பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு சேற்றில் இறங்கி, மண்மேடாகக் கிடந்த வீட்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மல்லிகாவிடம் திரும்பி, "எவ்வளவு எடம் தேவப்படும்?" என்றார்.

"பழைய அளவே போதுங்க" என்றார் மல்லிகா.

"சரி... யோசிச்சுச் சொல்றேன். ஒரு மாசம் டைம் குடுங்க."

மல்லிகா அதற்கும் சரிங்க என்றார்.

கூரையைக் கழற்றுகிறோம் என்று நாங்கள் சொன்னபோது, யோசிக்க அவர் ஒரு நிமிடம்கூட டைம் கேட்கவில்லை.